பல்லில் கடித்த கார்க்கு

நீலகிரித் தைலத்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் இன்ஃபுளுவென்சா என்னைக் கண்டு ஒதுங்கிப் போய்விடும் என்று மனதார நம்பினேன். தென்காசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை பார்த்துக்கொண்டே நம்பினேன் என்பதுதான் விசேஷம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஆனி மாதம். கொல்லத்தில் விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று டாக்டருக்குக் கடிதம் வந்தது. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிவிட்டது. கொல்லத்திலிருந்தும் கூட்டம் ரயிலேறி வரும். டாக்டர் அன்றே காய்ச்சல்காரர்களுக்கென்று பின்பக்கம் ஓலைக் கொட்டகை போட்டார். மருந்துக்கு அவரவர் கொண்டுவரும் பாட்டில்களைக் கொதிக்கவைத்த பிறகே நிரப்ப வேண்டும். என் முகத்துணி அவிழக் கூடாது.

முந்தைய பெரிய காய்ச்சலில் பிள்ளைத்தாய்ச்சிகள் செத்ததைப் பார்த்தவன் நான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து என் மனைவிக்கு அப்போதுதான் எட்டாம் மாதம்.

அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்த ஆலங்குளத்துக்காரர் வாசலில் ஒரு தும்மல் போட்டார். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன்.

"அண்ணாச்சி, கால்ல முள்ளு குத்திட்டுன்னு வந்தேன். நீங்க எதுக்கு ஒளியுதீய?"

"பேசாதேயும்! கொட்டகைக்குப் போம்!"

நாலாம் நாள் நிஜக் காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வாய் வைத்துக் குடித்த பாட்டில்களை இடுக்கியால் பிடித்து வாங்கினேன். அப்படியொரு ஜாக்கிரதை! மத்தியானம் டாக்டர் பின்னால் வந்து நின்றார்.

"வே, இப்ப என்ன செஞ்சீரு?"

"கார்க்கு எடுத்தேன்யா."

"எதால?"

இரண்டு கையிலும் வேலை இருந்தால் துணியை இறக்கி, கார்க்கைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, துணியை ஏற்றிக்கொள்வேன். வருஷக்கணக்கான பழக்கம். காலையிலிருந்து காய்ச்சல்காரர்கள் கொடுத்த எல்லாப் பாட்டிலுக்கும் அதையேதான் செய்திருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு வீட்டுக்குப் போகாதேயும். இங்கனயே கெடயும்."

"அவ தனியா இருப்பாளேய்யா."

"தனியா இருந்தாத்தான் பொழப்பா."

சாயங்காலம் அவளே சோற்றுத் தூக்கோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி, அங்கனயே நில்லு! கிட்ட வராத!"

"கட்டுன பொண்டாட்டியப் பாத்து எவனாவது இப்படி ஓடுவானா?" என்றாள். நான் கொட்டகையின் மறுகோடிக்குப் போயிருந்தேன். தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி நடந்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கிடந்தேன். அவளுக்கு வரவில்லை. ஆடிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது.