உதியன்குளங்கரையில் கொழுக்கட்டை

கேரள எல்லையைத் தாண்டியதும் பேருந்தின் டயர் பஞ்சர். எதிரே லில்லி சேச்சியின் சாப்பாட்டுக் கடை. பெரிய அலுமினியப் பானையில் கொத்திய மாட்டிறைச்சி தேங்காய்ப்பாலில் கொதிக்கிறது. சேச்சி அரிசிமாவை நெல்லிக்காய் அளவில் கொழுக்கட்டையாக உருட்டி அதிலேயே போடுகிறாள்.

பக்கத்து மேசையில் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர். வீட்டுக்குள் முட்டைகூட நுழையாத குடும்பமாம்.

"எனக்கு உருண்டை மட்டும் போதும், கேட்டியா. எறச்சி நமக்கு ஆவாது."

சேச்சி ஒரு கிண்ணத்தில் குழம்போடு அள்ளி வைக்கிறாள். உருண்டையில் ஒட்டிய ஒரு துணுக்கைக்கூட அவர் அநாதையாக விடவில்லை. என்னவொரு வைராக்கியம்!

"இறைச்சியைத் துண்டாப் போட்டா என்ன சேச்சி?" என்று கேட்கிறேன்.

"போட்டா இவியெல்லாம் எப்பிடி மக்கா வருவாவ? துண்டுன்னா கண்ணுல படும். கொத்திப் போட்டா கண்டும் காணாம தின்னலாம் ஆக்கும்."

எல்லை தாண்டி வந்து ஆசாரம் காக்கும் இந்த மனிதர்களை எண்ணிச் சிரித்தபடி என் தட்டை வழித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி போனில் கூப்பிடுகிறாள்.

"வழியில என்ன சாப்பிட்டீங்க?"

"கொழுக்கட்டை."

பெரியவர் தன் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.