ராகுகாலத்தில் அனுப்பிய கல்

நான் சிறுகோள் தேடுகிறவள் என்று தெரிந்ததும் எங்கள் இணுவில் சனம் முதலில் கேட்பது, "அப்ப கூரையிலை பெரிய குழாய் ஒண்டு பூட்டி வைச்சிருக்கிறீரோ?" என்றுதான். இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினியும், மழை வந்தால் படுத்துவிடும் இணைய இணைப்பும். இரண்டாவது கேள்வி இன்னும் மோசம்: "வான்சாத்திரம் தெரியுமெண்டால் என்ரை மகளின்ரை சாதகத்தை ஒருக்காப் பாருமன்." அதற்கு நான் சொல்லும் மறுமொழியை இங்கே எழுத முடியாது.

விஷயம் இவ்வளவுதான். எங்கோ பசிபிக் தீவு ஒன்றின் மலையுச்சியில் உள்ள தொலைநோக்கி, வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் நாலு தரம் படமெடுக்கிறது. அந்தப் படங்கள் எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பல நாடுகளிலும் போய்ச் சேரும். நாலையும் மாறிமாறி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். சிறுகோள் மட்டும் ஒரு புள்ளியாக நகரும். ஏற்கெனவே தெரிந்தவை பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாததைக் கண்டு முதலில் அறிக்கை அனுப்புகிறவருக்கே கண்டுபிடித்த பெருமை. எனக்கு அந்தப் பெருமை வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், வெறியாக வேண்டும். நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணிதம் படிப்பிக்கிறேன். மற்றவர்கள் கண்டுபிடித்ததையே கரும்பலகையில் எழுதி எழுதி அலுத்துப்போன கை இது.

எங்கள் குழுவில் இரண்டே பேர். மற்றவர் என் மச்சாள், கணவரின் அக்கா. ஒரே வளவில் அடுத்த வீடு. உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பழகிய கண். நான் திருப்பித் திருப்பி ஓடவிட்டும் காணாததை, அவர் பால் விடாத பிளேன்ரீயை ஊதிக்கொண்டே "உதிலை ஒண்டு ஊருது" என்பார். அவருடைய கணவர் சண்டைக் காலத்தில் ஒரு நாள் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மச்சாள் இன்னும் பொட்டு வைக்கிறார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் கதைப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு வகுப்பில்லை. பக்கத்து வீட்டில் தவில் பயிற்சி தொடங்க, நானும் படங்களைத் திறந்தேன். மச்சாளின் விரல் திரையின் இடது மூலைக்குப் போனது.

"உது என்ன?"

மங்கலான புள்ளி. நாலு படத்திலும் ஒரே நேர்கோட்டில், ஒரே சீராக நகர்ந்தது. பட்டியலைப் பார்த்தேன். இல்லை. இன்னொரு முறை பார்த்தேன். இல்லவே இல்லை! கதிரையிலிருந்து துள்ளியே விட்டேன். இடத்தை அளந்து, அறிக்கையைத் தட்டி, அனுப்பப் போகும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"பொறும் பிள்ளை. ராகுகாலம்."

"என்ன?"

"இண்டைக்குத் திங்களெல்லே. ஒன்பது மணி ஆகட்டும்."

"மச்சாள், நீங்கள் சயன்ஸ் படிப்பிச்சனீங்கள். ராகு எண்டொரு கோளே இல்லை. சந்திரன்ரை பாதை சூரியன்ரை பாதையை வெட்டுற வெறும் புள்ளி அது."

"தெரியும். நானும் படிச்சனான்தான். ஒன்பது மணி ஆகட்டும்."

"அந்தக் கல்லுக்கு ராகுகாலம் தெரியுமே?"

"எனக்குத் தெரியும்."

வயதில் மூத்தவர், கணவரின் அக்கா. கையைத் தட்டிவிடவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சுவர் மணிக்கூட்டை நான் அவ்வளவு வெறுப்போடு பார்த்ததே இல்லை. ஒன்பது அடித்ததும் அனுப்பினேன். தேடலை நடத்துகிறவர்களிடமிருந்து மறுநாள் பதில் வந்தது: நல்ல அவதானிப்பு, நன்றி, ஆனால் இதே பொருளை வேறொரு நாட்டுக் குழு சற்று முன்னர் அறிவித்துவிட்டது. சற்று முன்னராம்! நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்த நேரத்தில்.

எனக்கு விசர் பிடித்தது. வளவைக் கடந்து போய் மச்சாளின் குசினி வாசலில் நின்று கத்தினேன். "உங்கடை ராகுகாலத்தாலை எங்கடை கல்லுப் போச்சு! இனி உங்களோடை இருந்து ஒண்டும் பாக்க மாட்டன்!"

மச்சாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவர் வெளிக்கிட்டதும் ராகுகாலத்திலைதான் பிள்ளை," என்றார். "நான் மறிச்சனான். விசர்க்கதை கதையாதையும் எண்டு சிரிச்சுப்போட்டுப் போனவர்."

இத்தனை வருடம் ஒரே வளவில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த பாதித் தேங்காயை வாங்கி மிச்சத்தை நான் திருவினேன். அன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே கறி.

வெள்ளிக்கிழமை கடைசித் தொகுதிப் படங்கள் வந்தன. சில வாரம் நடக்கும் அந்த முறைத் தேடல் அதோடு முடிகிறது. பதினொரு மணிபோல மச்சாளின் விரல் மறுபடி திரையைத் தொட்டது. புள்ளி. பட்டியலில் இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்ன காலம் என்று எவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அறிக்கையைத் தட்டி முடித்து, மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"தேத்தண்ணி வைச்சுக்கொண்டு வாறன் மச்சாள். பன்னிரண்டுக்குப் பிறகு அனுப்புவம்."

போனால் போகட்டும். ஆசை விடவில்லைதான், ஆனால் மனதாரத்தான் சொன்னேன்.

"இரும்," என்றார். "உந்த அறிக்கை எங்கை போகுது?"

"அமெரிக்காவுக்கு."

"அங்கை இப்ப நடுச்சாமமெல்லே? நடுச்சாமத்திலை என்ன ராகுகாலம்?"

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்கு ஊர்ப் பஞ்சாங்கத்தைத் திருப்பிக் கணக்குப் பார்த்து நாள் வைக்கிற சனம்தான் நாங்கள். ஆனாலும் மச்சாள் இப்படியொரு வழி கண்டுபிடிப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவரே பொத்தானை அழுத்தினார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. இதுவரை எவரும் அறிவிக்காத பொருள். முதல் அறிக்கை எங்களுடையது. பாதையை உறுதிப்படுத்த வருடக்கணக்காகும், பெயர் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இருந்தால் என்ன! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தவில் நின்றுவிட்டது.

மச்சாள் ஆறுதலாக வந்து, படத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இனி இது எங்கை போகும்?"

"சூரியனைச் சுத்திக்கொண்டு போகும். கொஞ்ச நாளிலை எங்கடை பார்வையிலை இருந்து மறைஞ்சிடும்."

"பிறகு?"

"பிறகு திரும்பி வரும் மச்சாள். வராமல் விடாது. ஒரு ஒண்டரை வருசம் செல்லும்."

அவர் நெற்றிப் பொட்டை விரலால் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"வரட்டும். காத்துக்கொண்டிருக்கிறது எனக்கென்ன புதிசே?"