ஒரே வாசல் போதும்

அக்காவைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா எனக்குச் சுர்ருன்னு ஏறும். கூடப் பிறந்த அக்கா இல்ல. நகராட்சி ஆபீஸ்ல ரெண்டாம் நம்பர் ஜன்னல்ல பத்தொன்பது வருஷமா பிறப்பு, இறப்புச் சான்றிதழ் குடுக்குறவங்க. ஊருக்கே சான்றிதழ் அக்கா. நான் மூணாம் நம்பர் ஜன்னல். விண்ணப்பம் குடுக்குறதும், அங்க போங்க இங்க போங்கன்னு கை காட்டுறதும் என் வேலை. வாய் எனக்கு, பொறுமை அக்காவுக்குன்னு ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்க. நடந்ததுக்கெல்லாம் காரணம் என் வாய்தான், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எங்க பழைய கட்டடத்துல ஜன்னல் ரெண்டும் பக்கத்துச் சந்துப் பக்கமாத் திறக்கும். மேல ஒரு தகரக் கூரை, கீழ ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். யார் வந்தா, எதுக்கு வந்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலயே சில பொம்பளைங்க அங்க வருவாங்க. சான்றிதழ் எப்ப கிடைக்கும்னு கேப்பாங்க. பதில் சொன்ன பிறகும் நகர மாட்டாங்க, அதையே திரும்பக் கேப்பாங்க. அக்காவுக்குப் புரிஞ்சிடும். தண்ணி பாட்டிலை வெளிய நீட்டுவாங்க. அப்புறம் வந்தவங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. வீட்டுல யார் அடிக்கிறான், எத்தனை நாளா, எங்க போறதுன்னு தெரியலன்னு. அக்கா புத்திமதி எதுவும் சொல்ல மாட்டாங்க. யாருக்கு போன் பண்ணணுமோ பண்ணுவாங்க, எந்தப் பேப்பர் வேணுமோ எடுத்துக் குடுப்பாங்க. உடனே பெரிய தியாகின்னு நினைச்சுடாதீங்க. மத்தியானம் சாப்பிட்ட பிறகு கண்ணு சொக்கும், அந்த நேரத்துல எவனாவது வந்தா வள்ளுன்னு விழுவாங்க. அவங்க வீட்டுக்காரர், பஸ் மெக்கானிக் மாமா, அவங்களைக் கட்டிக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறாரோ.

இந்த வருஷம் ஒருத்தி வந்துக்கிட்டிருந்தா. நாங்க ரெண்டு பேரும் அவளை வியாழக்கிழமைன்னுதான் சொல்லுவோம். அவ புருஷன் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதி வாங்குறவன். அடிக்கிறவனே உக்காந்து எழுதிக்கணும்னா இவ எங்க போய்ப் புகார் குடுப்பா? வியாழக்கிழமை காலையில அவங்களுக்கு அணிவகுப்பு, பன்னண்டு மணி வரைக்கும் வெளிய வர முடியாது. இவ பதினோரு மணிக்கு வருவா. ஒவ்வொரு வாரமும் வீட்டுலேர்ந்து ஒரே ஒரு பேப்பர். ரெண்டு பிள்ளைங்களோட பிறப்புச் சான்றிதழ், இவ படிச்ச சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு. மொத்தமா எடுத்தா தெரிஞ்சிடும் இல்லையா, அதான். எல்லாம் அக்காவோட பீரோவுல இருந்துச்சு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் வேற ஊர்ல இருக்கிற அவ சொந்த அக்கா வீட்டுக்குப் போயிடுறதா ஏற்பாடு. இன்னும் அஞ்சு வாரம் இருந்துச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் புதுக் கட்டடப் பேச்சு வந்துச்சு. நகராட்சி, போலீஸ், தீயணைப்பு மூணும் ஒரே கூரையில. அட்டையில மாதிரி செஞ்சு ஹால்ல வச்சிருந்தாங்க. பிளாஸ்டிக் மரம் என்ன, தம்மாத்தூண்டு தீயணைப்பு வண்டி என்ன. ஆளாளுக்குத் தன் ரூமைத் தேடிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தோம். அக்கா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசல்லேர்ந்து விரலை வச்சு நகத்திக்கிட்டே போனாங்க. வாசல் ஒண்ணே ஒண்ணு. உள்ள நுழைஞ்சதும் வரவேற்பு மேசை, அங்க உக்காரப் போறது போலீஸ். பேரு, விலாசம், வந்த காரணம் எழுதிட்டுத்தான் மாடி ஏறணும். எங்க ஜன்னல் ரெண்டும் மாடியில.

"இவளாவது போயிடுவா," அக்கா என் காதுல சொன்னாங்க. "அடுத்து வர்றவ எப்படிடி இதைத் தாண்டி வருவா?"

கருத்துக் கேட்கிற கூட்டத்துல எல்லாரும் கேட்டாங்க. தீயணைப்பு அதிகாரி ஷட்டர் உயரம் பத்தலன்னார், தலைவர் கார் நிறுத்த இடம் கேட்டார். எல்லாத்தையும் இன்ஜினியர் எழுதிக்கிட்டார். அக்கா எழுந்து, பக்கவாட்டுல இன்னொரு சின்ன வாசல் வேணும்னாங்க.

"எதுக்கும்மா?" இன்ஜினியர் கேட்டார்.

"சில பேருக்கு... போலீஸைப் பாத்தா கூச்சமா இருக்கும் சார்."

"தப்பு பண்ணாதவங்களுக்கு என்னம்மா கூச்சம்?" ஹாலே சிரிச்சுது. மூணாவது வரிசையில அவனும் சிரிச்சான், அதான் வியாழக்கிழமையோட புருஷன். அவன் இருக்கிற இடத்துல அக்கா என்னத்தைச் சொல்லுவாங்க? உக்காந்துட்டாங்க. இன்ஜினியர் நல்ல மனுஷன்தான். "காரணம், எண்ணிக்கை எல்லாம் போட்டு எழுத்துல குடுங்க, பாக்குறேன்"னார்.

அன்னைக்கே எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணேன். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லவும் பெண்கள் சிலர் இந்த ஜன்னலுக்கு வருகிறார்கள், காவலர் மேசையைத் தாண்டி அவர்களால் வர இயலாதுன்னு. அதோட விட்டிருக்கலாம். நான்தான், எந்த நாள், எத்தனை மணின்னு போடுங்கக்கான்னேன். "நாள் வேணாமே"ன்னாங்க. நாள் இல்லாட்டிக் கட்டுக்கதைன்னு ஓரமா வச்சிடுவாங்கன்னு நான் அடம்பிடிச்சேன். திங்கள் மாலை ஒருவர், வியாழன் காலை பதினொரு மணிக்கு ஒருவர், இப்படி நாலு வரி. கடைசியில என் விரல் பாட்டுக்கு, 'நகல்: அனைத்துப் பிரிவுகளுக்கும்'னு அடிச்சுது. எங்க ஆபீஸ்ல அந்த வரி இல்லாத கடுதாசி எந்த மேசையிலயாவது தூங்கிடும், பதினாலு வருஷமா அடிச்சு அடிச்சுப் பழகின கை. புதுக் கட்டட வேலைக்கு அனைத்துப் பிரிவுன்னா அதுல போலீஸ் ஸ்டேஷனும் சேர்த்தின்னு எனக்கும் உறைக்கல, கையெழுத்துப் போட்ட அக்காவுக்கும் உறைக்கல. அறிவு கெட்டவ நான், வேற என்ன சொல்ல?

திங்கக்கிழமை அந்தப் போலீஸ்காரன் ஜன்னலுக்கு வந்தான். கையில நகல். மரியாதையாத்தான் பேசினான்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. வியாழக்கிழமை பதினோரு மணின்னு கரெக்டாப் போட்டிருக்கீங்க. அன்னைக்குத்தான் எங்களுக்கு அணிவகுப்பு."

"பொதுவா எழுதினது சார்."

"நானும் பொதுவாத்தான் படிச்சேன்," சொல்லிட்டுப் போயிட்டான்.

அந்த வியாழக்கிழமை அவ வரல. அடுத்ததும் வரல. போன் பண்ணா அவன் எடுப்பான். ஸ்கூல் வாசல்ல போய் நின்னு பாத்தேன், பிள்ளைங்களை அவனே பைக்ல கொண்டுவந்து விட்டான். அவனோட மேலதிகாரிகிட்டப் போலாம் வாங்கக்கான்னு கத்தினேன். "போய் என்ன சொல்றது? அவ சொல்லாததை நாம சொன்னா, சாயங்காலம் அந்த வீட்டுக்குள்ள இருக்கப் போறது அவதானே"ன்னாங்க. எல்லாம் என்னாலதான்னு அழுதேன். "கையெழுத்து என்னோடது"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாங்க. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும்.

நடுவுல இன்ஜினியர் பதில் அனுப்பியிருந்தார். தங்கள் கருத்து ஏற்கப்பட்டது. ஒரே வாசல் போதுமானது. பெண்களின் வசதிக்காக வரவேற்பு மேசைக்கு அருகிலேயே காவல்துறையின் பொறுப்பில் உதவி மேசை அமைக்கப்படும். அக்கா ரெண்டு தடவை படிச்சிட்டு ஃபைல்ல சொருகினாங்க.

மூணாவது வியாழக்கிழமை, சரியா பதினோரு மணிக்கு அவ வந்தா. பக்கத்துல அவன். அணிவகுப்புக்கு லீவு போட்டிருக்கான். முழுக்கை ஜாக்கெட்டுல அவ கை மணிக்கட்டு வரைக்கும் மூடியிருந்துச்சு. முகத்துல ஒண்ணும் இல்ல, நல்லாத் தலை வாரியிருந்தா.

"பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழைக் காணோம்," அவன்தான் பேசினான். "வீடு பூராத் தேடிட்டோம். ஸ்கூலுக்கு வேணும், நகல் ஒண்ணு குடுங்க. கேளேன், மேடம்கிட்ட."

"எந்த ஃபார்ம் மேடம்?" அவ அக்காவைப் பாத்துக் கேட்டா, இன்னைக்குத்தான் முதல் தடவை பாக்குற மாதிரி.

"அடுத்த ஜன்னல்ல தருவாங்கம்மா," அக்கா சொன்னாங்க.

நான் குடுத்தேன். என் ஜன்னல் விளிம்புல வச்சு எழுதினா. எழுத்து கோணவே இல்ல. அவன் தோளுக்கு மேலேர்ந்து ஒவ்வொரு வரியாப் படிச்சான். காரணம்ங்கிற இடத்துல, தொலைஞ்சிடுச்சுன்னு எழுதுன்னான், எழுதினா. அக்கா ஃபார்மை வாங்கினாங்க. அசல் பின்னாடி பீரோவுல இருக்கு. தொலைஞ்ச சான்றிதழுக்கு நாங்க வாயால ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கணும், அது விதி. கேக்காம விட்டா அவனுக்குச் சந்தேகம் வரும். அக்கா பேனாவை எடுத்தாங்க.

"அசலை யார்கிட்டயாவது குடுத்து வச்சிருக்கீங்களாம்மா?"

"இல்ல மேடம்," அவ சொன்னா. "எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது."

அதை அப்படியே எழுதிக்கிட்டு அக்கா முத்திரை குத்தினாங்க.