மந்திரி பெண்டாட்டி

நேற்று பக்கத்து வீட்டு மருமகள் டிராமா பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "இன்னா பொறுமை அக்கா அந்த ராணிக்கு! புருஷன் விஷத்தை நீட்றான், கண்ணுல ஒத்திக்கினு குடிக்கிறா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் நான் கல் பொறுக்கப் போன புதிது. தங்கம் ஓடிய கல்லை வெறுங்கல்லிலிருந்து பிரிக்கிற வேலை. கை மரத்துப்போகும், வாய் ஓயாது. என் பக்கத்தில் உட்காருகிறவள் கன்னியம்மா. அவள் புருஷன் சந்தேகக்காரன். அவள் முகம் வீங்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஷிப்ட் வேலை என்பதால் நாங்கள் குடியிருந்த கூலி லைனில் ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் கூத்து. இதே கதைதான், ஆனால் அதில் ராணியோடு மந்திரி பெண்டாட்டியும் உண்டு. மந்திரி ராணியைப் பற்றி ராஜாவிடம் கோள் மூட்டுவான். ராஜா விஷம் கொடுப்பான். ராணி ஒரு வார்த்தை பேசாமல் சாவாள். மந்திரி பெண்டாட்டிதான் சபையில் வந்து, பொய் சொன்னது தன் புருஷன் என்று போட்டு உடைப்பாள். அவன் அவளைக் குத்திவிடுவான். ராணிக்காகத் தேம்பி அழுத ஆம்பிளைகள், இவள் வாயைத் திறந்ததும் கல்லை விட்டெறிந்தார்கள். "புருஷனையே காட்டிக் குடுக்கிறியாடி!" வாயை மூடிச் செத்தவள் பத்தினி, உண்மை சொல்லிச் செத்தவள் வாயாடி! இது எந்த ஊர் நியாயம்?

கூத்து வாத்தியார் பயந்துபோய் அடுத்த ஞாயிறு அந்தப் பேச்சையே வெட்டிவிட்டார். மந்திரி பெண்டாட்டி வேஷம் கட்டிய துரைசாமி ஊமையாக வந்து, குத்துப்பட்டு விழுந்தான். கூட்டத்திலிருந்து கன்னியம்மா எழுந்தாள்.

"ராணி மேல தப்பில்ல! பொய் சொன்னவன் தோ நிக்கிறான். ஒருத்தரும் கேக்கமாட்டீங்களா?"

அவள் புருஷன் பாய்ந்து வந்து கொண்டையைப் பிடித்தான். செத்துக் கிடந்த துரைசாமி சேலையோடு எழுந்து ஓடிவந்து குறுக்கே நின்றான். "கைய எடுண்ணா. அடிக்கணும்னா என்னை அடி." அடித்தான். துரைசாமியின் உதடு கிழிந்தது. அதற்குள் கல் பொறுக்குகிற நாங்கள் அத்தனை பேரும் கன்னியம்மாவைச் சுற்றி நின்றுவிட்டோம். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், முன்னால் நின்றவள் முதுகுக்குப் பின்னால்தான் நான் நின்றேன்.

கன்னியம்மா அவனிடம் திரும்பிப் போகவில்லை. நந்திதுர்க் மைன்ஸில் அக்கா வீட்டோடு இருந்து, அங்கேயே வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆர்மோனியம், படுதா என்று டிராமாக் கம்பெனிகள் வந்தன. ராணி இன்றைக்கும் அழகாகச் செத்துக்கொண்டிருக்கிறாள். மந்திரி பெண்டாட்டியைத்தான் கதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொல்லக்கூட என்னை விட்டால் இப்போது ஆளில்லை.