ஆடாமல் போன கடைசி ஆட்டம்

சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போன ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து எங்கள் கல்லூரி திறந்தபோது கால்பந்து அணியில் பாதிப் பேர் இல்லை. குண்டு விழும் என்று சென்னையை விட்டு ஓடிய குடும்பங்கள் பல திரும்பவில்லை. விடுதியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அதனால் கோல்கீப்பரான நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய்வரத் தொடங்கினேன். என்னோடு இன்னொருவனும் வந்தான். அம்மையார்குப்பத்து நெசவாளியின் மகன். அணியின் முன்வரிசையில் இடதுபக்கம் ஆடுபவன். அவன் ஊரிலிருந்து ரயிலடி வெகுதூரம் என்பதால் எங்கள் வீட்டிலேயே தங்கினான். பூட்ஸ் போட மாட்டான். வெறுங்காலால் அவன் உதைக்கும் பந்தைப் பிடித்தால் உள்ளங்கை எரியும்.

நாங்கள் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. முதல் ஆட்டத்துக்கு ஒன்பது பேர் இறங்கினோம். ஆகஸ்டில் கேப்டன் மறியலில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனதும் எட்டுப் பேர். பந்துக்குள் போடும் ரப்பர் பிளாடர் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சைக்கிள் கடை பாய் ஒட்டுப்போட்டுத் தருவார். அரைமணி ஆடினால் பந்து தொய்ந்துவிடும்.

கடைசி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பட்டாளத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அவன் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

"நூலே வரல. தறி நின்னு மூணு மாசம் ஆவுது. நைனா சும்மா குந்திகினு கீறாரு. அவருகிட்ட இப்போ சொல்லாதே."

உடனே வரச் சொன்னார்களாம். இந்த ஆட்டத்துக்காகக் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. ஒரு வாரம் இருக்கிறானே, கடைசி ஆட்டத்திலாவது நாங்கள் ஒரு கோல் போடுவோம் என்று மட்டும்தான் நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டத்தன்று பட்டாள ரயிலுக்கு வழிவிட, எங்கள் வண்டியை அரக்கோணத்துக்கு வெளியே மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். மைதானத்துக்குப் போனபோது எதிரணி கிளம்பிவிட்டிருந்தது. ஆள் குறைவென்று நாங்கள் தோற்றதாக நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். எங்கள் ஆட்கள் ஆறு பேர் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டி, என்னைக் கோலில் நிற்கச் சொன்னான். எனக்குப் பசி, எரிச்சல். முடியாது என்றேன். மறுபடியும் கேட்டான். நான் அசையவில்லை. பந்தின் காற்றை இறக்கி, மடித்துப் பையில் வைத்தான்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து அவனுடைய நைனா ஓர் ஆங்கிலக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பர்மா எல்லையில் காணாமல் போனவர்களில் அவனும் ஒருவன் என்றிருந்தது. படித்துச் சொன்னேன்.

"காணோம்னா, தேடிகினு கீறாங்களா தம்பி?"

"ஆங், தேடுறாங்க."

அவர் கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு மலைக்குப் படியேறினார். அதன்பின் ஒவ்வொரு கிருத்திகைக்கும் சாமி பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். சேதி உண்டா என்று கேட்பார். சண்டை முடிந்த பிறகும் வந்தார். இன்னும் தேடுகிறார்கள் என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.