உள்ளே என்ன இருக்கு, டிரைவரம்மா?

அரண்மனை டூருக்கு வண்டி ஓட்டுகிறவளுக்கு ராஜாக்களைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்த ராஜா வீட்டுக்கு என்றைக்கு லீவு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை, திருப்பூணித்துறை அரண்மனைக்குத் திங்கட்கிழமை. இதை மாற்றிச் சொல்லிவிட்டால், பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு கஸ்டமர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வண்டி ஓட்டிப் பிழைக்கிற உங்களுக்கு அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி, மலையாளம் பேசுகிற இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தேன். வீட்டுக்காரர் தேவராவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நான் முதலில் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு கிடங்கில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூசியில் இருமி இருமி, ராத்திரி மகளுக்கு ஒரு தாலாட்டுப் பாடக்கூடத் தொண்டை இல்லாமல் போயிற்று. மறுபடி அந்தக் கிடங்குக்குள் கால் வைக்கக் கூடாது என்றுதான் டிரைவிங் கற்றுக்கொண்டு பாபுச் சேட்டனிடம் போய் நின்றேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு ஒரு நாள் அரண்மனை டூர் நடத்துகிறவர் அவர். தமிழ் பேசுகிற டிரைவர் அவருக்கு வேண்டும்தான். பெண் டிரைவர் என்றதும் நெற்றியைச் சொறிந்தார்.

"செல்வி, இந்த சீசன் முடியட்டும். ஓரோ டூர் முடிஞ்சும் நான் கஸ்டமரை ஃபோன்ல விளிச்சு ஒரே கேள்வி கேட்பேன். அடுத்த தடவை வந்தா யாரை அனுப்பணும்னு. ஒரே ஒரு ஆளு 'வேற டிரைவர்'னு சொன்னா, சாவி எனக்கு. ஆரும் சொல்லலைன்னா வண்டி உனக்கு ஸ்திரம். பின்னே, வண்டியில டிரைவரும் கஸ்டமரும் மட்டும்தான். வேற ஆளு கூடாது, கேட்டோ."

அன்றிலிருந்து சாயங்காலம் ஃபோன் அடித்தாலே என் கை முதலில் சாவியைத்தான் தேடும். அவரும் லேசில் விடமாட்டார். கஸ்டமர் சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் அப்படியே ஒப்பிப்பார்.

சிக்கனமான ராஜா

முதல் டூரே மதுரைக்காரர்கள். அதற்கு முந்தின லீவில்தான் மைசூர் போய்விட்டு வந்திருந்தார்கள். மட்டாஞ்சேரி அரண்மனை முன்னால் இறக்கிவிட்டேன். குடும்பத் தலைவர் ஓட்டுக் கூரையைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அரண்மனை எங்கம்மா?" "இதுதான் சார்." "இதுவா? எங்க ஊரு வெங்காய மண்டி இதைவிடப் பெருசாச்சே!" நானே கொத்தனார் வைத்துக் கட்டினது போல எனக்கு வியர்த்துவிட்டது. "உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம் வரைஞ்சிருக்காங்க சார்" என்றேன். "வெளியே பணம் மிச்சம் பிடிச்சிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராஜா சின்னதாகக் கட்டினதற்கு டிரைவர் என்ன செய்ய முடியும்? முடிந்ததைச் செய்தேன். வண்டியை நிழலில் போட்டேன், தண்ணீர் பாட்டிலை ஈரத்துணி சுற்றிக் குளிர வைத்தேன், திரும்பும்போது ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. ராஜாவுக்கும் சேர்த்து நானே மரியாதை செய்தேன். சாயங்காலம் சாவியைக் கையில் பிடித்தபடி ஃபோனை எடுத்தேன். மதுரைக்காரர் சொன்னதாக பாபுச் சேட்டன் ஒப்பித்தது இது: "டிரைவர் இதே பொண்ணு இருக்கட்டும். ராஜாவை மட்டும் மாத்துங்க."

தீ மிதி

கோயிலுக்குப் போனால் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவது நம் ஆட்களின் வழக்கம். வெளியே விட்டால் திரும்பி வரும்போது இருக்குமா என்ற பயம். திருப்பூணித்துறை அரண்மனைக்குள்ளும் செருப்போடு விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தேவகோட்டையிலிருந்து வந்த அந்தப் பெரிய குடும்பம் மொத்தமும் என் வண்டியிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கியது. நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவள்தானே? "நல்லதுங்கம்மா, பத்திரமா இருக்கும்" என்று சொல்லி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நிறுத்தின பிறகுதான் உறைத்தது. இது கோயில் இல்லை, இறங்கினதும் வாசல் வருவதற்கு. அந்த அரண்மனை குன்றின் மேல் இருக்கிறது. கேட்டிலிருந்து ஏறி, படி ஏறி, மறுபடியும் படி ஏற வேண்டும். உச்சி வெயில். தூரத்தில் பார்க்கிறேன், குடும்பமே குதித்துக் குதித்துப் போகிறது. பெரியம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்திருக்கிறார். அத்தனை செருப்பையும் துண்டில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். நான் வண்டி ஓட்டுவது வெறுங்காலில்தான். என் செருப்பைப் போட மறந்தே போனேன். மேலே போய்ச் சேரும்போது அவர்களைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துக்கொண்டு தங்கள் ஜோடியைத் தேடி எடுத்தார்கள். சரி, மறுபடி சுக்குக் கிடங்குதான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பெரியம்மாவே ஃபோனை வாங்கிப் பேசினாராம்: "அரண்மனை பார்க்க வந்து தீ மிதிச்சிட்டுப் போறோம் தம்பி. ஆனா எங்ககூடச் சேர்ந்து மிதிச்சாளே, அந்தப் பிள்ளையையே அனுப்புங்க."

பின் சீட்டு அரண்மனை

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த சீசன் முழுக்க நான் ஓர் அரண்மனைக்குள்ளும் போனதில்லை. டிரைவர் என்றால் வண்டியோடு இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் வருகிற எல்லாரும் இறங்கும் முன்னால் தவறாமல் கேட்கிற கேள்வி, "உள்ளே என்ன இருக்கு, டிரைவரம்மா?" என்பதுதான். நான் என்ன செய்வேன்? திரும்பி வருகிறவர்கள் பின் சீட்டில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஓர் அரண்மனை கட்டி வைத்திருந்தேன். ஒருவர் கிரீடம் என்பார், ஒருவர் பல்லக்கு என்பார், ஒரு குழந்தை பெரிய வாள் என்று சொல்லிக் கையை விரிக்கும். எல்லாவற்றையும் அந்தந்த அறையில் வைத்துவிடுவேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளை துருவித் துருவிக் கேட்கிற ரகம். "கிரீடம் மாடியிலயா, கீழயா? சிம்மாசனம் மரமா, வெள்ளியா?" தயங்கினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அந்தப் பெண், "அதான் அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே, எதுக்கு உள்ளே போகணும்?" என்றாள். இரண்டு பேரும் திருப்பூணித்துறை அரண்மனைத் தோட்டத்தில் மான்கள் இருக்கிற பக்கம் போய் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே போகாததால் நான் சொன்னது தப்பா சரியா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை சொன்ன பதிலைக் கேட்டபோது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் நின்றேன்: "அவங்களையே அனுப்புங்க. அந்த அரண்மனையிலயே பிறந்து வளர்ந்த மாதிரி சொல்றாங்க."

ஏசி ராஜாக்கள்

காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழ்ப் பையன்கள் நான்கு பேர். லீவு போடாமலே டூர் வந்தவர்கள். இரண்டு அரண்மனை வாசலிலும் வண்டி நின்றது, ஆனால் ஒருவனும் இறங்கவில்லை. மடியில் லேப்டாப், காதில் மாட்டின கருவி, வாயில் இங்கிலீஷ். டீசல் முள் இறங்க இறங்க என் உயிரும் கூடவே இறங்கியது. ஏசியை அணைக்கலாமா என்று கேட்டால் நான்கு விரல்கள் உதட்டுக்குப் போகும். ஒரு காக்காய் வந்து வண்டி மேல் உட்கார்ந்து கத்தினபோது, ஒருவன் இறங்கி அதை விரட்டினான். அன்றைக்கு அவர்கள் அரண்மனைத் தரையை மிதித்தது அந்த ஒரு தடவைதான்.

எதையும் காட்டாத டிரைவரைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்களோ என்று ஃபோன் அடிக்கிறவரை வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர்களில் ஒருவன் சொன்னது: "இதே அக்கா, இதே வண்டி போதும். அரண்மனை வேண்டாம்."

சின்ன டிரைவர்

சீசனின் கடைசி டூர். என் மகள் தர்ஷினியைத் தினமும் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து வீட்டு நபீசாத்தா. அன்று காலை அவருடைய அம்மாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போக, அம்மா வீடு இருக்கிற பள்ளுருத்திக்கு ஓடிவிட்டார். வீட்டுக்காரர் விடியும் முன்பே வேலைக்குப் போயாயிற்று. மட்டாஞ்சேரியில் தான் தங்கியிருக்கிற லாட்ஜ் வாசலில் கஸ்டமர் காத்திருக்கிறார். டூரை விட்டால் சாவி போய்விடும். பிள்ளையை வண்டியில் ஏற்றினாலும் சாவி போய்விடும். ஏற்றினேன். முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, "வாயைத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன்.

கஸ்டமர் சென்னையிலிருந்து தனியாக வந்த ஓர் அம்மா. கைத்தறிப் புடவை, சிரிக்காத முகம். "இது யாரு?" என்றார். "என் மகள் மேடம், பார்த்துக்க ஆள் இல்லாம..." "ம்." அவ்வளவுதான். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறை வரை யோசித்தேன். தர்ஷினியின் சத்தியம் பாலம் ஏறும் முன்பே முறிந்துவிட்டது. திரும்பி உட்கார்ந்து, "ஆன்ட்டி, ராஜா எவிடே? ராஜா சாயா குடிப்பாரா? ராஜாவுக்கு யார் சோறு ஊட்டுவாங்க?" என்று ஒரே கேள்வி மழை. அந்த அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பதும், மகள் தொடையில் கிள்ளுவதுமாக ஓட்டினேன்.

குன்றடியில் வண்டியை நிறுத்தினதும் அவர் இறங்கி முன் கதவைத் திறந்தார். "இவளும் வரட்டும்." நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாதே என்று தோன்றியது. பிறகு, அவர்களுக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். பாபுச் சேட்டன் தந்திருந்த நம்பருக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பிள்ளைக்காரிகளே, அப்போது மனசு என்னவெல்லாம் நினைத்தது என்று நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

வண்டியைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஓடினேன். முதல் தடவையாக அரண்மனைக்குள் போகிறேன்! ஒரு பெரியவர் தன் பேரனுக்குச் சிம்மாசனத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அதற்கு அடியில் குனிந்து பார்த்தேன். பல்லக்குக்குள் எட்டிப் பார்க்கப் போனேன். காவலாளி, "சேச்சி, தொடக் கூடாது!" என்று ஓடி வந்தார். "சிவப்புக் கவுன் போட்ட குட்டி, கூட ஒரு அம்மா" என்று சொல்லி, இடுப்பு உயரத்துக்குக் கையைப் பிடித்தேன். அவர் விரலால் அடுத்த வராந்தாவைக் காட்டினார்.

அங்கே தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. மடியில் தர்ஷினி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கைத்தறிப் புடவையில் எச்சில் ஒழுகி வட்டமாக நனைந்திருந்தது. "ஃபோன் பையில இருக்கு. எடுத்தா இவ எழுந்துடுவா. எனக்குக் காலே மரத்துப்போச்சு" என்று கிசுகிசுத்தார். காலையிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் "பிள்ளை வந்ததைச் சொல்லிடாதீங்க மேடம்" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் மரத்த காலை நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. "செல்வி, வண்டியில எந்தக் குட்டி?" என்றார் பாபுச் சேட்டன். "சேட்டா, அது வந்து..." "நில்லு. சாவி எங்கே?" "கையில." "அங்கேயே இருக்கட்டும். அவங்க சொன்னதை முழுசாக் கேளு: 'அடுத்த தடவையும் அந்தக் குட்டியையே அனுப்புங்க. வண்டி ஓட்ட அவங்க அம்மா கூட வந்தாலும் பரவாயில்லை.'"

சாவி இன்றைக்கு எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது, நானும் அரண்மனைக்குள் ஒரு தடவை போய் வந்துவிட்டேன், ஆனாலும் உள்ளே என்ன இருக்கு என்று யாராவது கேட்டால் என்னால் சத்தியமாகச் சொல்ல முடிந்த பதில் ஒன்றுதான்: என் மகள் இருந்தாள்.