மாடி அறையில் மூன்று பெட்டிகள்

தன் வீட்டுக் கதவைத் திறக்கும் முன் அக்கா ஒருமுறை இருமுவார். சளியெல்லாம் கிடையாது. சாவியை நுழைத்துவிட்டு, திருப்பாமல், ஒரு இருமல். இரண்டு மூச்சு பொறுத்துத்தான் திறப்பார். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நான் உள்ளே ஈரத்துண்டோடு நின்றாலும் மாடியேறிவிட அந்த அவகாசம் போதும். இருபது வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "வளைவுல ஹார்ன் அடிக்கிற பழக்கம், வீட்டுக்கும் வந்துடுச்சு" என்று அவர் தங்கை கேலி செய்வார். "வீடு உன்னுதா, குடியிருக்கறவருதா? கொஞ்சம் ஓனர் மாதிரி இரேன்."

"வாசப்படி வரைக்கும்தான் என்னுது. மிச்சம் பேங்க்கோடது" என்பார் அக்கா.

நாற்பத்தாறு வயதில் வாங்கிய முதல் வீடு. மாடி அறையில் ஆள் இருந்தால்தான் தவணை கட்ட முடியும். எனக்கு முன்பிருந்தவர் சொல்லாமல் கிளம்பிவிட, அறை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. வங்கியிலிருந்து கடிதமே வந்துவிட்டதாம். இன்னொரு முறை அப்படி ஆனால் வீடு கைவிட்டுப் போய்விடும். அது எனக்கும் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் என் அறையின் வெளிச்சுவர் அடியில் ஈரம் கசிந்தது. தரையில் அடுக்கியிருந்த கவிதைத் தொகுப்புகள் ஓரம் உப்பத் தொடங்கின. அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஆசையாக வாங்கிய வீட்டைக் குறை சொல்வது, பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது மாதிரி. வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து, புத்தகங்களைப் போட்டுக் கட்டிக் கதவோரம் வைத்தேன்.

அக்கா பெட்டிகளைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து டிவி சத்தம் குறைந்தது. குளியலறையில் புது விளக்கு எரிந்தது. "நல்லா தூங்கினீங்களா தம்பி?" என்று தினமும் விசாரிப்பு. ஒரு மாலை நான் வந்தபோது அக்கா என் அறையில் டேப் பிடித்து எதிர்ச்சுவரை அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுருட்டிக்கொண்டார்.

"சும்மா தம்பி."

சும்மா யாராவது சுவரை அளப்பார்களா? வேறு யாரோ வரப்போகிறார்கள், பெரிய கட்டில் போடப்போகிறார், என்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஏன் தர்மசங்கடம் என்று நானே வேறு அறை விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மாடிக்கு வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு தொகுப்பைப் புரட்டினார்.

"பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு. இதுக்கு முழு விலையா வாங்கினாங்க?" மூடி வைத்துவிட்டு, "சரி, எப்ப கிளம்பறீங்க?" என்றார்.

"அக்கா எப்ப சொல்றாங்களோ அப்ப."

"அவ ஏன் சொல்லணும்? நீங்கதானே மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க?"

"இல்ல... சுவத்துல ஈரம். புத்தகம் கெட்டுடுமேன்னு..."

அவர் குனிந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். "அக்கா, மேல வா. இவரு எங்கயும் போகல. உன் சுவருதான் அழுதுட்டு இருக்கு."

அக்கா வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதைச் சொல்றதுக்கு என்ன தம்பி?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"புக்கெல்லாம் தரையில கிடக்குதே, பலகை அடிச்சுக் குடுத்தா இருப்பீங்களோன்னு நான் அளந்துட்டு இருக்கேன்."

"வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் முத்து உதிர்ந்துடும்" என்றார் தங்கை.

ஈரமில்லாத எதிர்ச்சுவரில் பலகைகள் ஏறின. அங்கே மேலும் ஐந்து வருஷம் இருந்தேன்.

எனக்குத் திருமணமாகி வேறு வீடு போன பிறகுதான், தங்கை சொல்லி ஒன்று தெரிந்தது. நான் பெட்டி கட்டி வைத்திருந்த அந்த வாரத்தில், டிப்போவுக்குப் புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் அக்காவிடம் அறையைக் கேட்டிருக்கிறார். என்னைவிடக் கூடுதல் வாடகை, மறுநாளே குடிவரத் தயார். நான் போகப்போகிறேன் என்றே அக்கா நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. "அறையில ஆள் இருக்காரு" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாராம்.